நெகட்டிவ் சீட்டு இருந்தால் போதுமா?

12 ஆகஸ்ட் 2020, காலை
(மேலூரிலிருந்து ஒரு வாசகர் கேட்டது)

ரஷ்யாவில் நேற்று கொரோனா தடுப்பூசியை அறிவித்துவிட்டார்கள். நம் ஊர் ஊசியும் ஆகஸ்ட் 15க்கு வந்துவிடும் என்று போன மாதம் பேச்சு இருந்தது. எப்படியும் இன்னும் சில வாரம்தான். அதுவரை ஆளுக்கொரு கொரோனா டெஸ்ட் எடுத்து நெகட்டிவ் சீட்டு வைத்துக்கொண்டால் போதாதா? ஆவணிக் கடைசியில் தங்கச்சி கல்யாணம். அழைத்த 50 பேரிடமும் சீட்டு கேட்கலாம் என்றிருக்கிறேன். சீட்டு இருந்தால் முகக்கவசம் இல்லாமல் பந்தியில் உட்காரலாம்தானே? மதுரை செல்லூரில் மருந்துக்கடை வைத்திருக்கும் அண்ணன் பதில் சொன்னால் நல்லது.

12 ஆகஸ்ட் 2020, இரவு

கடையைச் சாத்திவிட்டு வந்து எழுதுகிறேன். தம்பி, சீட்டை நம்பிப் பந்தி போடாதீர்கள். என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

ஜூன் 24லிருந்து மதுரை மாநகராட்சி, பரவை, சுற்றியுள்ள ஒன்றியங்கள் எல்லாவற்றையும் மறுபடி அடைத்திருந்தார்கள். மருந்துக்கடைக்கு விலக்கு என்பதால் நான் தினமும் கடையில் நின்றேன். ஜூலை 2 வியாழன் ராத்திரி உடம்பு கதகதவென்று இருந்தது. மறுநாள் காலையிலேயே ஒரு லேபில் மூக்கிலும் தொண்டையிலும் குச்சி விட்டு எடுத்தார்கள். சனி சாயங்காலம் நெகட்டிவ். இரண்டு நாளாக மாடியில் ஒதுங்கி இருந்தவன் அன்றைக்கு ராத்திரி கீழே இறங்கி ஆத்தா பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டேன். ஆத்தாவுக்கு 74 வயது, இருபது வருஷமாகச் சுகர். "ஒண்ணுமில்லைன்னு சீட்டே குடுத்துட்டாய்ங்கள்ல, இன்னும் என்னடா அங்கிட்டு ஒதுங்குற" என்று தட்டில் இன்னொரு தோசையை வைத்தது.

திங்கட்கிழமை காலையில் வீட்டில் சாமி படத்துக்கு மல்லிச்சரம் போட்டார்கள். வாசம் வரவில்லை. சரத்தைக் கையில் வாங்கி மூக்கில் வைத்து இழுத்துப் பார்த்தேன். ஈரம் தெரிந்தது, குளிர்ச்சி தெரிந்தது, வாசம் மட்டும் இல்லை. செவ்வாய் மறுபடி டெஸ்ட், புதன் பாசிட்டிவ். வெள்ளிக்கிழமை ஆத்தாவுக்குக் காய்ச்சல். தோப்பூர் ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள், அதில் நான்கு நாள் ஆக்சிஜன். பிழைத்து வீட்டுக்கு வந்துவிட்டது. அங்கே அந்தக் கவச உடைக்குள் வேர்த்து ஊற்றிக்கொண்டு ஆத்தாவுக்குக் கஞ்சி ஊட்டிய நர்ஸ் பிள்ளைகளின் முகம்கூட எனக்குத் தெரியாது. தினமும் நினைத்துக்கொள்கிறேன்.

லேப் தப்பு செய்ததாக நான் சொல்லவில்லை. கிருமி உள்ளே போனதும் மூக்கில் வந்து உட்கார்ந்துகொள்வதில்லை. பெருகுவதற்கு நாள் எடுக்கும். காய்ச்சல் தெரிய சராசரியாக ஐந்து நாள் ஆகிறது என்கிறார்கள். இப்படிக் குச்சி விட்டு எடுக்கும் ஆர்டிபிசிஆர் டெஸ்ட் பற்றி அமெரிக்காவில் ஒரு ஆய்வு வந்திருக்கிறது. தொற்றிய நான்காம் நாள் எடுத்தால் 100 நோயாளியில் 67 பேருக்குத் தப்பாக நெகட்டிவ் காட்ட வாய்ப்பு. காய்ச்சல் தொடங்கும் நாளில் 38 பேர். அதிலிருந்து மூன்று நாள் கழித்து எடுத்தால் 20 பேர். நான் அவசரப்பட்டு முதல் நாளே எடுத்துவிட்டு, அந்தச் சீட்டை வைத்து ஆத்தா பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

உங்கள் கல்யாணத்துக்கு வருகிறவர் மூன்று நாள் முன்னால் எடுத்த சீட்டோடு வருவார். அந்த மூன்று நாளில் அவர் போன பஸ், பேங்க், சலூன் எதுவும் சீட்டில் இருக்காது.

13 ஆகஸ்ட் 2020

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு ஒருவர் போன் செய்து, "அப்ப டெஸ்டே வேணாம்னு சொல்றீகளா?" என்று கேட்டார். அப்படிப் புரிந்திருந்தால் என் எழுத்தில்தான் பிழை. டெஸ்ட் கட்டாயம் வேண்டும். பாசிட்டிவ் வந்தால் அதை நம்பலாம், அநேகமாகத் தப்பாது. நெகட்டிவ் வந்து, உடம்பு மட்டும் சரியில்லை என்றால் இரண்டு மூன்று நாள் தனியாகவே இருந்து மறுபடி எடுங்கள்.

செலவு தெரியும். மார்ச்சில் தனியார் லேபுக்கு 4500 ரூபாய் உச்சவரம்பு வைத்தார்கள், ஜூனில் தமிழ்நாட்டில் 3000 ஆக்கினார்கள். நாலு பேர் குடும்பத்துக்கு அதுவே ஒரு மாதச் சம்பளம். அரசு ஆஸ்பத்திரியில் காசு கிடையாது, காய்ச்சல் முகாமிலும் கிடையாது. வரிசையில் நிற்கும்போது மட்டும் முன்னால் நிற்பவரை ஒட்டி நிற்காதீர்கள்.

13 ஆகஸ்ட் 2020, மாலை

ஊசி விஷயத்தை விட்டுவிட்டேன். ஆகஸ்ட் 15 என்பதை மறந்துவிடுங்கள். பொன்னுக்கு வீங்கிக்கு ஊசி கண்டுபிடிக்க நான்கு வருஷம் ஆனது. அதுதான் இதுவரை வேகமாக வந்த ஊசி. 2022க்கு முன்னால் செல்லூருக்கு ஊசி வராது என்பது என் கணக்கு.

19 ஆகஸ்ட் 2020

நோய் வந்த வீட்டு வாசலை அடைக்கிற தகரம் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். கேட்டுவிட்டீர்கள்.

எனக்குப் பாசிட்டிவ் என்று தெரிந்த அன்றைக்கே வாசலில் தகரம் அடித்தார்கள். ஆணி நிலைக்கதவின் மரத்திலேயே இறங்கியது. பால்காரர் தெருமுனையில் நின்று பாக்கெட்டைத் தூக்கிப் போட்டார். எதிர்வீட்டு அக்கா, இருபத்தைந்து வருஷமாகக் குழம்பு கொடுத்து வாங்கிப் பழகியவர், ஜன்னலைச் சாத்திக்கொண்டார். அவர் மேல் எனக்கு வருத்தம் கிடையாது, அவருக்குப் பயம். ஆனால் அந்தத் தகரம் எங்களுக்குள் நோயைத் தடுத்ததைவிடத் தெருவில் வேறொரு வேலையைச் செய்தது. தகரத்தை எடுத்து, கடை திறந்ததும் கண்ணால் பார்த்தேன். காய்ச்சல் மாத்திரை விற்பனை இரண்டு மடங்கு. வாங்க வருகிறவர் யாருக்கும் காய்ச்சல் இல்லை. "பக்கத்து வீட்டுப் பையனுக்கு", "ஊர்ல இருக்க மச்சானுக்கு", "சும்மா வீட்ல இருக்கட்டும்னு". ராத்திரி ஒன்பது மணிக்குப் பாதி ஷட்டர் இறக்கும்போது வருவார்கள், குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். டெஸ்ட் எடுங்கள் என்றால், "எடுத்தா தகரம் அடிச்சுருவாய்ங்கண்ணே. மக கல்யாணம் நிக்குது" என்பார்கள்.

குச்சிக்குப் பயந்து டெஸ்ட் எடுக்காதவரை நான் இதுவரை பார்த்ததில்லை. தெருவுக்குப் பயந்துதான் ஒளிந்தார்கள். ஒளிந்தவர் மூச்சு வாங்கும்போதுதான் ஆஸ்பத்திரிக்குப் போகிறார்.

அம்மை போட்ட வீட்டை நம் ஆட்கள் எப்படி வைத்திருந்தார்கள்? வாசலில் வேப்பங்கொத்து செருகுவார்கள். அதைப் பார்த்தாலே யாரும் உள்ளே வரமாட்டார்கள், வந்தவர் போய்வருகிறேன் என்று சொல்லிக்கொள்ளமாட்டார்கள். ஆனால் திண்ணையில் இளநீர் வந்து இறங்கும், கூழ் வந்து இறங்கும். ஒதுக்கமும் இருந்தது, கவனிப்பும் இருந்தது. அந்த வீட்டை யாரும் கேவலமாகப் பேசமாட்டார்கள், ஆத்தா வந்திருக்கிறாள் என்பார்கள். வேப்பிலை கிருமியைக் கொன்றதா என்ற வாதத்துக்கு நான் வரவில்லை. ஒளிக்க வேண்டிய அவசியம் அதில் இல்லை என்பதைத்தான் சொல்கிறேன்.

20 ஆகஸ்ட் 2020

கபசுரக் குடிநீர் பற்றி மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். 15 சரக்கு சேர்ந்தது. நிலவேம்புக் குடிநீரில் 9. எங்கள் வீட்டிலும் குடிக்கிறோம், ஆத்தாவுக்கு அதன் கசப்புப் பிடிக்கும். குடித்தாயிற்று என்று முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்காதீர்கள், அவ்வளவுதான். சுகர், பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை நிறுத்திவிட்டு இதைக் குடிக்காதீர்கள். இரண்டு பேர் அப்படிச் செய்து கடைக்கு வந்தார்கள்.

4 செப்டம்பர் 2020

ஒன்றாம் தேதியிலிருந்து மாவட்டத்துக்குள் பஸ் ஓடுகிறது, தமிழ்நாட்டுக்குள் போக இ-பாஸ் தேவையில்லை. கடையில் முகக்கவசம் கேட்டு வருகிறவர்களுக்குச் சொல்வதை இங்கேயும் சொல்கிறேன்.

வால்வு வைத்த என்95 வாங்காதீர்கள். அது உள்ளே போகும் காற்றை வடிகட்டும், நீங்கள் விடும் மூச்சை வால்வு வழியாக வடிகட்டாமல் வெளியே விடும். உங்களுக்கு நோய் இருந்தால் எதிரில் இருப்பவருக்குப் பாதுகாப்பு குறையும். ஜூலையில் மத்திய அரசே அதை வேண்டாம் என்று எழுதிவிட்டது. என்னிடம் இருந்த 40ஐ ஸ்டாக்கிஸ்டுக்குத் திருப்பிவிட்டேன், அவர் பாதிப் பணம்தான் கொடுத்தார். மூன்றடுக்கு முகக்கவசத்தின் கம்பியை மூக்கில் அழுத்தி வையுங்கள். மதுரை வெயிலில் ஒரு மணி நேரத்தில் வேர்வையில் நனைந்துவிடும், நனைந்தால் மாற்ற வேண்டும், பையில் இன்னொன்று இருக்கட்டும். மூக்கை வெளியே விட்டுவிட்டு வாயை மட்டும் மூடுகிறவர்களுக்கு: குச்சியை எங்கே விடுகிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

மேலூர் தம்பி, கல்யாணத்தை வீட்டு வாசலில் பந்தல் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டை இலைக்குப் பதில் பொட்டலமாகக் கட்டிக் கொடுங்கள்.

21 செப்டம்பர் 2020

தம்பி எழுதியிருக்கிறார். வாசல் பந்தலில் 43 பேரோடு நடந்தது. யாரிடமும் சீட்டு கேட்கவில்லை. அவருடைய அப்பத்தாவைத் தனியாக நிழலில் உட்கார வைத்தார்களாம். அப்பத்தா கோபித்துக்கொண்டு மூன்று நாள் பேசவில்லையாம். கோபம் ஆறும். நீங்கள் செய்ததுதான் சரி.

10 நவம்பர் 2020

நேற்று ஃபைசர் கம்பெனி ஊசி பற்றி அறிவிப்பு, 90 சதவீதத்துக்கு மேல் பலன் என்று. நல்ல செய்திதான். ஆனால் அதை மைனஸ் 70 டிகிரியில் வைக்க வேண்டும். எங்கள் கடையில் இன்சுலின் வைக்கிற பிரிட்ஜ் 2லிருந்து 8 டிகிரி. ஆரம்பச் சுகாதார நிலையத்திலும் அதேதான். நமக்கு அந்த 2-8க்குள் நிற்கிற ஊசிதான் ஆகும். 2022 என்ற என் கணக்கில் இன்னும் மாற்றமில்லை.

17 ஜனவரி 2021

மாற்றிக்கொள்கிறேன். 2022 என்று இரண்டு முறை அடித்துச் சொன்னேன். நேற்று நம் ராஜாஜி ஆஸ்பத்திரியிலேயே தமிழ்நாட்டுக்கான முதல் ஊசியைத் தொடங்கிவைத்துவிட்டார்கள். முதலமைச்சர் காலையில் அலங்காநல்லூரில் ஜல்லிக்கட்டுக்குக் கொடி காட்டிவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்கு வந்தார். வாடிவாசலில் மாடு பிடிக்கிறவர்களிடம் கொரோனா நெகட்டிவ் சான்று கேட்டார்கள். போன மார்ச் 25ஆம் தேதி விடியற்காலையில் தமிழ்நாட்டின் முதல் கொரோனா மரணம் நடந்ததும் இதே ஆஸ்பத்திரியில்தான். பத்து மாதம் ஆகவில்லை. நேற்றுச் சாயங்காலம் கோரிப்பாளையம் பக்கம் வண்டியில் போனவன் நிறுத்தி, கொஞ்ச நேரம் அந்தக் கட்டடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

எதை எதிர்பார்க்கலாம் என்று கேட்கிறீர்கள். கோவிஷீல்டு ஊசியின் ஆய்வில் இரண்டு முழு ஊசி போட்டவர்களிடம் 62 சதவீதம் என்று வந்திருக்கிறது. அதாவது, ஊசி போடாத கூட்டத்தில் 100 பேருக்கு நோய் வந்தால், அதே அளவு ஊசி போட்ட கூட்டத்தில் 38 பேருக்கு வரும். நூற்றில் 62 பேருக்கு மட்டும் வேலை செய்யும் என்று இதற்குப் பொருள் கிடையாது, கடையில் பலர் அப்படித்தான் புரிந்துகொள்கிறார்கள். போட்ட அன்றைக்கே பலமும் வராது. இரண்டாவது போட்டு இரண்டு வாரமாவது ஆக வேண்டும்.

13 மார்ச் 2021

நேற்று ஆத்தாவுக்கு முதல் ஊசி. ராத்திரி கை வலி, லேசான காய்ச்சல், ஒரு பாராசிட்டமால். காலையில் எழுந்து வாசல் தெளித்தது.

குப்பிக்குப் பத்துப் பேர் கணக்கு. திறந்தால் நாலு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும், மிச்சத்தைக் கொட்ட வேண்டும். நேற்று ஊசி போட ஆறு பேர்தான் வந்திருந்தார்கள், இன்னும் நாலு பேருக்காகக் காத்திருக்கச் சொன்னார்கள். ஆத்தா தெருவில் போன இரண்டு பாட்டிகளைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து உட்கார வைத்தது. ஆதார் கார்டு எடுக்க அவர்களுடைய பேரன்கள் ஓடினார்கள்.

20 ஏப்ரல் 2021

நடிகர் விவேக் 15ஆம் தேதி ஊசி போட்டார், 17ஆம் தேதி காலையில் இறந்தார். மதுரை அமெரிக்கன் கல்லூரியில் படித்தவர், மரம் வையுங்கள் என்று ஊர் ஊராகச் சொன்ன மனுஷன். கடையில் இரண்டு நாளாக வேறு பேச்சே இல்லை. மாரடைப்புக்குக் காரணம் ரத்தக்குழாய் அடைப்பு, ஊசிக்குச் சம்பந்தமில்லை என்று டாக்டர்கள் சொல்லியும் யாரும் கேட்கிற நிலையில் இல்லை.

நான் எட்டாம் தேதியே போட்டுவிட்டேன், எனக்கு 48. என் சித்தப்பா மகன் வாடிப்பட்டிப் பக்கம். அவனுக்கு 46. இந்த வாரம் போடுவதாக இருந்தவன், "கொஞ்சம் பாத்துட்டுப் போடுறேண்ணே, இப்ப என்ன அவசரம்" என்கிறான். வற்புறுத்தினேன். கோபித்துக்கொண்டு போனை வைத்துவிட்டான். ஆத்தாவும் இரண்டாவது ஊசிக்கு யோசிக்கிறது.

8 மே 2021

ஆத்தாவுக்கு நேற்று இரண்டாவது ஊசி, சரியாக எட்டு வாரம். கடையில் ஆக்சிமீட்டர் இல்லை, இருந்த இடத்தில் விலை மூன்று மடங்கு. வைத்திருப்பவர்கள் கவனியுங்கள்: மருதாணி, நகப்பூச்சு இருக்கிற விரலில் சரியாகக் காட்டாது, குளிர்ந்த விரலிலும் காட்டாது. கையைத் தேய்த்துச் சூடாக்கி, ஒரு நிமிஷம் அசையாமல் வையுங்கள். ஆறு நிமிஷம் வீட்டுக்குள் நடந்துவிட்டு மறுபடி பாருங்கள். 94க்குக் கீழே போனாலோ, நடந்தபின் மூன்று நாலு எண் இறங்கினாலோ உடனே கிளம்புங்கள். மூச்சு வாங்கவில்லையே என்று உட்கார்ந்திருக்காதீர்கள். குப்புறப் படுக்க வைத்துக்கொண்டே வண்டிக்குச் சொல்லுங்கள்.

16 மே 2021

வாடிப்பட்டித் தம்பி, என் சித்தப்பா மகன், போய்விட்டான். வெள்ளிக்கிழமை விடியற்காலை. ஆறு நாள் காய்ச்சலை யாரிடமும் சொல்லவில்லை. எங்களிடம்கூட.

இப்போது வேறு எழுத முடியவில்லை.

2 ஜூன் 2021

ஆறுதல் எழுதிய எல்லோருக்கும் கும்பிடு.

அவனுக்கு மருந்து வாங்க மெடிக்கல் காலேஜ் வரிசையில் ஒரு பகல் முழுக்க நின்றேன். ரெம்டெசிவிர். உயிரைக் காப்பாற்றும் என்பதற்கு ஆதாரம் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் போன நவம்பரிலேயே சொல்லியிருந்தது, மருந்துக்கடைக்காரனான எனக்கும் அது தெரியும். தெரிந்தும் நின்றேன். எனக்கு முன்னால் நூறு பேர், பின்னால் இருநூறு பேர், ஒருவருக்கொருவர் ஒரு அடி இடைவெளி இல்லை. வீட்டில் ஒருவர் மூச்சுக்குத் திணறும்போது வரிசையை விட்டு வெளியே வரச் சொல்ல எனக்கு வாய் வராது. ஏப்ரலில் ஊசி போட்டிருந்தால் பிழைத்திருப்பான் என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது, ஒரு ஊசி அதற்குள் எவ்வளவு பலம் கொடுத்திருக்கும் என்று தெரியாது. முதல் நாளே என்னிடம் சொல்லியிருந்தால் நான் கூட்டிக்கொண்டு போயிருப்பேன். இது மட்டும் எனக்கு நிச்சயம்.

அவன் வீட்டு ஆட்களிடம் கேட்டேன், ஏன் மறைத்தான் என்று. நெல் அறுவடை நேரம், தெரிந்தால் வேலைக்கு ஆள் வராது என்றானாம்.

30 ஜூன் 2021

பழைய பதிவுகளைத் திரும்பப் படித்தேன். ஒரு திருத்தம். போன வருஷம் முழுக்கக் காய்கறியை மஞ்சளும் உப்பும் போட்டுக் கழுவுங்கள், ரூபாய் நோட்டைத் தனியாக வையுங்கள் என்று கடையில் நூறு பேரிடமாவது சொல்லியிருப்பேன். தொட்ட பொருளில் இருந்து தொற்றுகிற வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் கீழே என்று ஏப்ரலில் அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் சொல்லிவிட்டது. பரவுவது பெரும்பாலும் காற்றில், அடைத்த அறையில். சோப்பு போட்டுக் கை கழுவுவதை விடாதீர்கள், கிருமியின் மேல்தோல் கொழுப்பு, சோப்பில் கரைந்துவிடும், மற்ற நோய்களுக்கும் நல்லது. ஆனால் தக்காளியைத் துடைக்கிற நேரத்தில் ஜன்னலைத் திறந்து வையுங்கள். ஏசி போட்டுக் கதவைச் சாத்திய கடையைவிட மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் விளிம்பில் நின்று வாங்குவது மேல்.

மனிதர்கள் மேல் மருந்துத்தண்ணீர் தெளிக்கிற சுரங்கம் ஞாபகம் இருக்கிறதா? அது 2020 ஏப்ரலிலேயே கூடாது என்று சொல்லப்பட்டது. கண்ணும் தோலும் எரிந்ததுதான் மிச்சம்.

இன்னொன்று. கோவிஷீல்டுக்கு இடைவெளி 12லிருந்து 16 வாரம் என்று மே 13இல் மாற்றியதால் என் இரண்டாவது ஊசி ஜூலைக்குப் போய்விட்டது. பலர், "தட்டுப்பாடுன்னு தள்ளிப் போடுறாய்ங்க" என்கிறார்கள். தட்டுப்பாடும் உண்மை. இடைவெளி கூடினால் கோவிஷீல்டின் பலம் கூடுகிறது என்று ஆய்வில் வந்ததும் உண்மை. இரண்டும் ஒரே நேரத்தில் இருக்கலாம்.

25 அக்டோபர் 2021

விவேக் மரணத்தை ஆராய்ந்த தேசியக் குழு, ஊசிக்கும் அதற்கும் தொடர்பில்லை, தற்செயலாக ஒத்துவந்தது என்று சொல்லிவிட்டது. ஆறு மாதம் கழித்து. வாடிப்பட்டிக்கு இந்தச் செய்தியை நான் சொல்லவில்லை.

20 ஜனவரி 2022

மேலூர் தம்பி மறுபடி கேட்டிருக்கிறார், இரண்டு ஊசி போட்டும் பாசிட்டிவ் வருகிறதே, அப்புறம் ஊசி எதற்கு என்று. போன வாரம் எங்கள் வீட்டில் ஆத்தா உட்பட நாலு பேருக்கும் வந்தது. ஆத்தாவுக்கு மூன்று நாள் தொண்டை வலி, ஒரு நாள் காய்ச்சல், ஆக்சிஜன் 96க்குக் கீழே இறங்கவில்லை. 2020 ஜூலையில் இதே பெண்மணியை ஸ்ட்ரெச்சரில் தூக்கிப் போனேன். ஒருமுறை நோய் வந்து போனதும் உதவியிருக்கலாம், இப்போது பரவுகிற வகைக் கிருமியே கொஞ்சம் சாதுவாக இருக்கலாம், ஊசியும் இருக்கிறது. எது எவ்வளவு என்று என்னால் பிரித்துக் காட்ட முடியாது. மூன்றாவது ஊசிக்கு 39 வாரம் ஆக வேண்டும், ஆத்தாவுக்குப் பிப்ரவரி 4. காலண்டரில் ஆத்தாவே வட்டம் போட்டு வைத்திருக்கிறது.

நோய் முடிந்தபின்னும் நெகட்டிவ் சீட்டு இல்லாமல் வேலைக்கு வராதே என்கிற முதலாளிகளுக்கு: செத்த கிருமியின் துணுக்கு பல வாரம் டெஸ்டில் தெரியும், அது பரவாது. லேசாக நோய் வந்தவரை மறுபடி டெஸ்ட் எடுக்காமலே வீட்டுக்கு அனுப்பலாம் என்று 2020 மே மாதமே விதி மாறிவிட்டது. டெஸ்ட் சீட்டில் வருகிற சி.டி. எண்ணை (எத்தனையாவது சுற்றில் கிருமி தெரிந்தது என்கிற எண்) சி.டி. ஸ்கேனோடு குழப்பிக்கொண்டு ஸ்கேன் எடுக்க ஓடுகிறவர்கள் இன்னும் வருகிறார்கள். இரண்டும் வேறு.

இன்று மத்தியானம் கடைக்கு எதிரே ரோட்டில் ஒரு பெண் வண்டியை நிறுத்தினாள். கல்லூரி முடித்த வயது இருக்கும், எங்கள் தெருதான். அங்கிருந்தே சத்தமாக, "அண்ணே, எனக்கு பாசிட்டிவ். உள்ள வரல. டோலோ ஒரு அட்டை, ஓஆர்எஸ் நாலு" என்றாள். கடையில் ஆறு பேர் நின்றிருந்தார்கள். யாரும் ஓடவில்லை. ஒரு பெரியவர் மட்டும் முகக்கவசத்தை மூக்குக்கு ஏற்றிக்கொண்டு, "சாப்ட்டியாம்மா?" என்று கேட்டார். மருந்தை வெளியே ஸ்டூலில் வைத்துவிட்டு உள்ளே வந்தேன். அவள் எடுத்துக்கொண்டு, போனிலேயே பணத்தை அனுப்பிவிட்டுப் போனாள்.